பதக்கத்தின் மூன்றாவது பக்கம்

கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் முன்னால் என் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிய அதே மாதத்தில்தான், நான் காசின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று விரட்டியிருப்பேன். என் வாய் அப்படி. அதனால் எனக்கு நல்லதும் நடந்திருக்கிறது, கெட்டதும் நடந்திருக்கிறது.

தானா ராத்தா என்கிற மலை டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. நான் பிறந்த தேயிலை எஸ்டேட்டில் இன்றைக்கும் என்னை டவுன் கிராணி, அதாவது டவுன் குமாஸ்தா, என்றுதான் சொல்வார்கள். எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் பழைய காசு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்தான் அதைத் தொடங்கி வைத்தவர். கல்லாவில் வந்து விழுகிற விநோதமான காசுகளை ஒரு பிஸ்கட் டின்னில் எனக்கென்று போட்டு வைப்பார். அந்தக் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு எங்கள் குழு கூடும். மலாய்க்காரர், சீனர் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். தமிழ் ஆள் நான் ஒருத்திதான்.

ஒரு சிறிய கண்காட்சி வைக்கலாம் என்று குழுவில் முடிவானது. ஒரு பெரிய காசின் படம் வரைந்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் எல்லா மொழியிலும் பெயர் எழுதுவது என்று திட்டம். மலாயும் சீனமும் அன்றைக்கே தயார். தமிழுக்கு என்னைப் பார்த்தார்கள். நாளைக்கே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வந்து தாளை விரித்து உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. பூவா தலையா போட்டு வளர்ந்த நமக்கு இரண்டு பக்கத்துக்குப் பெயருக்கா பஞ்சம் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் நம் ஊர்க் காசில் செம்பருத்திப் பூ இருக்கிறது, தலையைத்தான் காணோம். சரி என்று முகப்பு, பின்புறம் என்று எழுதினேன்.

முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் உயர்ந்து ஓடும் வளையத்துக்குக் கரை என்று பெயர் வைத்தேன். சேலைக்குக் கரை இருக்கிறபோது காசுக்கு ஏன் இருக்கக் கூடாது? உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றிடம் வெளி. மேலே எழும்பி நிற்பது புடைப்பு, உள்ளே இறங்கியது குழிவு. கரையை ஒட்டிச் சுற்றி வருகிற வாசகம் வட்ட எழுத்து. உருவத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதற்கும் கீழே ஆண்டு போடுகிற இத்தனூண்டு இடம் ஒன்று உண்டு. அதற்காக மட்டும் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு அடிவெளி என்று எழுதினேன். கடைசியாக ஒன்று மிஞ்சியது. காசை நிமிர்த்தி உருட்டினால் தரையைத் தொடுகிற பகுதி. ஓரம் என்று எழுதி அடித்தேன், பக்கவாட்டு என்று எழுதி அதையும் அடித்தேன். அங்கே நின்றுபோன நேரத்தில்தான் கோயில் விஷயம் வெடித்தது.

எங்கள் எஸ்டேட் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். அம்மனுக்குப் புதிதாக வெள்ளிக் கவசம். அதற்காகக் கோயிலில் இருந்த பழைய வெள்ளிச் சாமான்களை உருக்குவதென்று கமிட்டி தீர்மானித்தது. எந்தப் பொருளை யார் கொடுத்தார்கள் என்று பட்டியல் எடுத்து, கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி மண்டபச் சுவரில் பதிப்பார்கள். அம்மன் கழுத்து மாலையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிப் பதக்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு எதிரே கமிட்டித் தலைவர் தன்னுடைய அப்பாவின் பெயரை எழுதியிருந்தார். அவர் அப்பா அந்தக் காலத்தில் எங்கள் டிவிஷன் கங்காணி.

அந்தப் பதக்கம் என் அம்மாவுடையது. எஸ்டேட் முழுவதற்கும் ஒருமுறை கொழுந்தெடுக்கும் போட்டி வைத்தபோது அம்மா முதலாவதாக வந்தாள். இப்போது மாதிரி கத்தரியும் மெஷினும் இல்லாத காலம், வெறும் விரல்தான். வெளியூரில் ஆர்டர் கொடுத்து அடித்து வந்த பதக்கம் அது. முகப்பில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், சுற்றி எஸ்டேட் பெயர். அடுத்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டி, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கையை விரிக்கிற நிலை. அப்போது எனக்கு ஏழு வயது. பிள்ளை பிழைத்தால் இதை உனக்குப் போடுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன், பதக்கம் கோயிலுக்குப் போனது. மாலையில் கோர்க்க வசதியாக ஒரு பத்தர் அதைச் சுற்றி வெள்ளிப் பட்டை கட்டி, மேலே கொக்கி வைத்துக் கொடுத்தார்.

தலைவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். திருட்டுப் புத்தி உள்ள ஆள் இல்லை அவர். கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டி முன்னுக்கு வந்தவர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். எஸ்டேட் துரை பக்கத்தில் அவர் அப்பா அந்தப் பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்தே வளர்ந்த மனுஷன் வேறு எப்படி நினைப்பார்? பரிசு கொடுத்த நேரத்தில் அம்மா கூடையோடு கொழுந்து நிறுக்குமிடத்தில் வரிசையில் நின்றாள். வரிசையை விட்டுப் போனால் அன்றைய நிறை பதிவாகாது. அதனால் கங்காணி வாங்கினார், படமும் எடுத்தார்கள். பிறகு எஸ்டேட் பட்டறையில் கொடுத்து அம்மாவின் நம்பரை அடிக்கச் சொல்லி, சாயங்காலம் காகிதத்தில் சுற்றி அம்மா கையில் தந்தார். இதெல்லாம் அம்மா நூறு தடவை சொன்ன கதை.

மண்டபத்துக் கூட்டத்திலும் அதைத்தான் சொன்னாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அவளுடைய நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எஸ்டேட்டில் ஆளுக்குப் பெயரைவிட நம்பர்தான் பெரிது. காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி நம்பரைக் கூப்பிட வேண்டும், ஆள் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. அந்த நம்பர் பதக்கத்தில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று அம்மா எழுந்து நின்று சொன்னாள். எந்த இடத்தில் என்று அவளுக்குத் தெரியாது, அடித்தாயிற்று என்று கங்காணி சொன்னதைத்தான் நம்பியிருந்தாள்.

எடுத்துப் பார்த்தார்கள். பதக்கம் கை மாறிக் கை மாறிப் போனது. முகப்பில் மொட்டு இருந்த இடத்தில் ஒரு நிழல் மாதிரி ஏதோ இருந்தது, வட்ட எழுத்தில் ஒரு எழுத்தும் தேறவில்லை. பின்புறம் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று கிடந்தது. நம்பரும் இல்லை, ஒன்றும் இல்லை. தலைவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

"அக்காவுக்கு வயசாயிருச்சுலா. மறதி. விட்டுருங்க, பாவம்" என்றார்.

பின் வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பதக்கம் என் கைக்கும் வந்தது. நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தேகம் வந்தது. திரும்பி வரும்போது காரில், நல்லா ஞாபகம் இருக்கா என்று அம்மாவைக் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. மழையோ பனியோ ஒரு வெள்ளிகூட விடாதவள் அம்மா. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதக்கத்தின் முகத்தை அழித்தது யார் என்று எனக்குத் தெரியும். நாங்கள்தான். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் எல்லாம் கூடி அம்மன் நகைகளைப் புளி போட்டு ஊறவைத்து, அடுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்ப்போம். பளபளவென்று இருந்தால்தான் ஆத்தாளுக்கு மரியாதை என்று எங்களுக்கு நினைப்பு. அந்தப் பதக்கத்தை மட்டும் அம்மா வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள். தன்னுடையது என்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் அழுத்தித் தேய்ப்பாள். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறேன். பழைய காசைத் தேய்க்கவே கூடாது என்பதுதான் காசு சேர்ப்பவர்கள் முதலில் படிக்கிற பாடம். தேய்த்தால் புடைப்பு முதலில் போகும். அதை நான் படித்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது, அம்மாவின் மொட்டும் இலையும் எப்போதோ புளித் தண்ணீரோடு போய்விட்டன.

வெள்ளியை உருக்க ஈப்போவிலிருந்து பத்தர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. காசு உறுப்புகளின் பட்டியலைப் பாக்கி வைத்துக்கொண்டு பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. பாய் டின்னைத் திறந்து ஒரு பழைய ஐம்பது சென் காசை எடுத்து மேசையில் நிமிர்த்தி நிறுத்தினார். அதைச் சுண்டிவிட்டு, சுற்றி எழுத்து ஓடுகிறதே, இது என்ன எழுத்து என்று கேட்டார். அந்தக் காசுக்கு அது உண்டு. படுக்க வைத்தால் தெரியாது, நிமிர்த்தினால்தான் தெரியும். இதற்கு விளிம்பு என்று பெயர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கரை வேறு, விளிம்பு வேறு. கரை முகத்தில் இருக்கிறது, விளிம்பு இரண்டு முகத்துக்கும் நடுவில் நிற்கிறது. அப்பாடா, கிடைத்துவிட்டது என்று எழுதினேன். சும்மா எழுதாமல் விளக்கமும் எழுதினேன்: பதக்கங்களில் அதைப் பெற்றவரின் பெயரையோ எண்ணையோ விளிம்பில் குழிவாக அடிப்பதுண்டு.

எழுதிய கை அப்படியே நின்றது. இது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், வேறு பதக்கங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் தாய் மண்டபத்தில் நின்று நம்பர் இருக்கிறது என்று சொன்னபோது, முன்னால் பின்னால் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டிய பெரிய காசு நிபுணி நான். விளிம்பை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, அதைத்தான் பத்தர் பட்டை கட்டி மூடிவிட்டாரே. அம்மாவின் சாம்பலும் அங்கே எட்டியிருக்காது.  தேநீருக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போனதாகப் பாய் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தலைவருக்குப் போன் போட்டேன். அம்மன் நகையைப் பிரிப்பது தோஷம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அதை நெருப்பில் போட்டு உருக்கப் போகிறீர்களே, அது மட்டும் தோஷமில்லையா அண்ணே என்று கேட்டேன். லோரி வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார். சரி, நேரில் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை அம்மாவைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விளிம்பு விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. பட்டையைப் பிரித்து அங்கேயும் ஒன்றும் இல்லாவிட்டால், அவளை இரண்டாவது தடவை கொல்வதாகும் என்று பயம். சேலையை எடுத்து வைத்தேன், கட்ட மாட்டேன் என்றாள். இன்றைக்குத்தான் உருக்குகிறார்கள், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வா என்றதும்தான் எழுந்தாள். வழியில் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள், எஸ்டேட் முடக்கு திரும்பும்போது வாயைத் திறந்தாள்.

"உருக்கட்டும். நான் குடுத்தது ஆத்தாளுக்கு, அத திருப்பிக் கேக்கல. பொய்க்காரிங்கிற பேரோட சாகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்து வெள்ளிச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். பத்தர் தராசோடு உட்கார்ந்திருந்தார். கமிட்டி ஆட்கள், அன்றைக்குச் சிரித்த அந்த இரண்டு பெண்கள் உட்பட முக்கால்வாசி லயம் அங்கே இருந்தது. அம்மா உள்ளே வரவில்லை, வாசல் தூணோடு நின்றுகொண்டாள். நான் நேராகப் போய்ப் பத்தர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இந்தப் பட்டையும் கொக்கியும் பதக்கத்தோடு சேர்ந்த வெள்ளிதானா, மட்டமான வெள்ளியா என்று மட்டும் கேட்டேன். தொழிலாளியைத் தொழிலில் பிடித்தால் பேச்சே வேண்டியதில்லை. பத்தர் தூக்கிப் பார்த்து உரசினார். பட்டை மட்டம், கழற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கவசம் கறுத்துவிடும் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன்.

பத்தர் குறட்டால் நெம்ப, பட்டை டிக்கென்று விட்டது. பதக்கத்தின் விளிம்பு அடுப்புக்கரி மாதிரி கறுத்துப்போய் இருந்தது. புளியும் சாம்பலும் படாமல் நாற்பத்தைந்து வருஷம் உள்ளே கிடந்த கறுப்பு. என்ன இவ்வளவு அழுக்கு என்று தலைவர் குனிந்து, வேட்டி நுனியால் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். அந்த மண்டபத்தில் நான் போட்ட சத்தம் அம்மனுக்கே கேட்டிருக்கும்.

"தொடாதீங்க அண்ணே!"

தலைவர் கையை இழுத்துக்கொண்டார். நான் கைக்குட்டையை விரித்துப் பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.  மெதுவாகச் சுற்றினேன். கால்வாசி சுற்றில் ஒன்றும் இல்லை. பாதியில் ஒன்றும் இல்லை.  முக்கால் சுற்றில் கறுப்புக்குள் மூன்று பள்ளங்கள். பட்டறை ஆள் மெஷின் பாகங்களுக்கு அடிக்கும் அதே அச்சால், கொஞ்சம் கோணலாக, நடு எண் ஒரு மயிரிழை கீழே இறங்கி அடித்த மூன்று எண்கள். சுத்தமான குழிவு. நான் படிக்கவில்லை. படித்தால் மகள் சொன்னாள் என்று ஆகிவிடும். லென்ஸையும் பதக்கத்தையும் அப்படியே தலைவர் கையில் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பெரட்டுக் களத்து மண்ணில் விளையாடி வளர்ந்தவர் அவர். அப்பா தினமும் காலையில் யார் யாரை என்ன நம்பர் சொல்லிக் கூப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாதா? அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமா படிங்க அண்ணே. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரோ, தானாக வந்ததோ தெரியாது, பெரட்டுக் களத்தில் அவர் அப்பா இழுத்துக் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டார்.

"முன்னூத்தி நாப்பத்தேழு!"

வாசல் தூணிலிருந்து குரல் வந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இருக்கேன்!"

அம்மா தூணை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். பிறகு நடு வழியாக நடந்து வந்தாள். சிரித்த அந்த இரண்டு பெண்களும் காலை மடக்கி வழி விட்டார்கள். ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கோ விசில் அடிக்கலாம் போல இருந்தது. கோயிலாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்ததைத்தான் அடக்க முடியவில்லை. அம்மா பதக்கத்தைக் கையில் வாங்கி, அந்த மூன்று பள்ளங்களையும் கட்டைவிரலால் ஒன்றொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அதைப் பத்தரின் தராசில் தானே வைத்தாள். பத்தர் அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, இதை உருக்க என் கை வராது, கவசத்தின் நடு மார்பில் முழுசாகவே பதித்துவிடலாம் என்றார். கமிட்டியில் ஒருவரும் மறுக்கவில்லை.

தலைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.  அம்மாதான் அவர் தோளைத் தட்டினாள்.

"உங்கப்பாவுக்கு இருந்த அதே தொண்டைலா தம்பி உனக்கு. அவரும் இப்படித்தான் கூப்பிடுவாரு."

அவர் பட்டியலை எடுத்து, தன் அப்பாவின் பெயரை ஒரு கோட்டில் அடித்துவிட்டு, அம்மாவின் பெயரை எழுதினார். பேனாவை மூடப் போனவரை அம்மா நிறுத்தினாள். நம்பரையும் பக்கத்தில் போடச் சொன்னாள்.